கில்லெஸ்பியும் சர்ச்சிலும்: குதிரையில் வந்த இருவர்

ஓசூர்ப் பக்கத்துப் பேரிகையிலிருந்து கிழக்கே கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டிப் போனால் வேலூர்க் கோட்டை. மேற்கே பாகலூர் வழியாகப் போனால் அதில் பாதித் தூரத்துக்குள்ளேயே பெங்களூரின் பழைய ராணுவத் தண்டுப் பகுதி வந்துவிடும். ரோலோ கில்லெஸ்பி வேலூரில் பெயர் எடுத்தது 1806-இல். வின்ஸ்டன் சர்ச்சில் பெங்களூர்த் தண்டுக்கு வந்து சேர்ந்தது 1896-இல். நடுவில் தொண்ணூறு ஆண்டுகள்.

இருவரும் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரிகள். இருவரும் உயரம் குறைந்தவர்கள். இருவருக்கும் கடன் இருந்தது, துணிச்சல் அளவுக்கு மீறி இருந்தது, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகும் குணம் மட்டும் இல்லை. ஆனால் குதிரை இருவருக்கும் ஒரே பொருள் தரவில்லை. முன்னவருக்கு அது நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த மிருகம். பின்னவருக்கு அது பெரிய மனிதர்களின் வீட்டுக்குள்ளும் போர்க்களத்துக்குள்ளும் பத்திரிகைக்குள்ளும் நுழைய விட்ட அனுமதிச் சீட்டு. ஒரே நூற்றாண்டுக்குள் இந்த மாற்றம் எப்படி வந்தது என்று பார்க்க இவர்களைப் போல வசதியான ஜோடி கிடைக்காது. சர்ச்சிலைக் குதிரைப்படைக்காரர் என்பதே மிகை, நாலு வருஷம் இருந்தவர்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். கில்லெஸ்பி 1783 முதல் 1814-இல் சாகும்வரை 31 ஆண்டுகள் சேணத்தில் இருந்தவர். அந்த நாலு வருஷமே போதுமானதாக இருந்தது என்பதும் ஒப்பீட்டில் ஒரு பகுதி.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. கிருஷ்ணகிரி அதில் அடக்கம். ஓசூர் மேட்டுப் பகுதி அப்போது போகவில்லை. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் 1799-இல் மாண்ட பிறகுதான் போனது. பேரிகை, பாகலூர், சூளகிரி, அங்குசகிரி என்று பாளையங்களாக இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கும்பினிக் கணக்கில் ஏறின. ஆக, கில்லெஸ்பி ஆற்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் புது சர்க்காருக்கு வரி கட்டத் தொடங்கி ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. திப்புவின் குதிரைப்படையைப் பார்த்த கண்கள் அப்போதும் ஊரில் இருந்தன.

கில்லெஸ்பி 1766-இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் கோம்பர் என்ற ஊரில் பிறந்தவர். பதினேழு வயதில் குதிரைப்படையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவி என்பது பெரும்பாலும் விலைக்கு வாங்கும் சரக்கு. நிலம் போல வாங்கலாம், விற்கலாம், ஒரு படி மேலே ஏற மேலும் பணம் கட்டலாம். இந்த வியாபாரத்தை 1871-இல்தான் ஒழித்தார்கள். இருபத்தொரு வயதில் ஒரு துப்பாக்கிச் சண்டையில் எதிராளியைக் கொன்று, வழக்கு நடந்து, விடுதலையானார். பிறகு மேற்கிந்தியத் தீவுகள். அங்கே சான் டொமிங்கோவில் ஒரு ராத்திரி வீட்டுக்குள் புகுந்த எட்டுப் பேரோடு தனியாளாக வாள்சண்டை போட்டு ஆறு பேரை வெட்டிச் சாய்த்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. லண்டனில் அவரைப் பார்த்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர், இந்தச் சின்ன ஆளா அத்தனை பேரைக் கொன்றான் என்று வியந்தாராம்.

சர்ச்சில் வந்த வழி வேறு. பதவியை விலைக்கு வாங்கும் முறை போய்ப் பரீட்சை வந்துவிட்ட காலம். சாண்ட்ஹர்ஸ்ட் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறினார். மதிப்பெண் காலாட்படைக்குப் போதவில்லை, குதிரைப்படைக்குத்தான் இடம் கிடைத்தது. கேட்க விசித்திரமாக இருக்கும். காரணம் எளிது: குதிரைப்படையில் செலவு அதிகம், சொந்தப் பணம் உள்ளவர்கள்தான் தாக்குப்பிடிக்க முடியும், அதனால் போட்டி குறைவு. வருஷத்துக்கு 200 பவுன் கூடுதல் செலவு என்று அவர் அப்பா ராண்டால்ஃப் சர்ச்சில் கோபப்பட்டார். அதாவது பதவிக்கு விலை ஒழிந்த பிறகும், குதிரைக்கு விலை இருந்தது. வாசலில் கேட்ட பணத்தை உள்ளே போனபின் கேட்டார்கள், அவ்வளவுதான். 1895 பிப்ரவரியில் 4வது ஹுஸ்ஸார்ஸ் படையில் அதிகாரியானபோது அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இந்தியாவுக்கு வந்த பாதையிலும் நூற்றாண்டின் வித்தியாசம் தெரிகிறது. கில்லெஸ்பி 1805-இல் ஐரோப்பாவைக் கடந்து, கான்ஸ்டான்டினோபிள், அலெப்போ, பாக்தாத் வழியாகத் தரைமார்க்கமாகப் பல மாதம் அலைந்து வந்து, ஆற்காட்டில் இருந்த 19வது லைட் டிராகூன்ஸ் குதிரைப்படையில் சேர்ந்தார். சர்ச்சில் 1,200 பேரோடு நீராவிக் கப்பலில் ஏறி, சூயஸ் வழியாக மூன்று வாரம் சொச்சத்தில் பம்பாயில் இறங்கினார். இறங்கும்போதே ஒரு விபத்து. சசூன் துறையில் படகிலிருந்து படிக்குத் தாவும்போது இரும்பு வளையத்தைப் பிடித்தவருக்கு அலை இழுத்துத் தோள்மூட்டு பிசகிவிட்டது. அது ஆயுசு முழுக்கச் சரியாகவில்லை. ஒரு குதிரைப்படை அதிகாரிக்கு வாள் வீசும் கை இப்படி ஆனது சின்ன விஷயம் இல்லை.

இப்போது வேலூர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1806 ஜூலை 10, விடிவதற்கு முன். புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி வைக்கக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது என்று வந்த உத்தரவுகளால் கொதித்துப்போயிருந்த சிப்பாய்கள் கோட்டைக்குள் எழுந்தார்கள். திப்புவின் குடும்பம் அதே கோட்டையில்தான் காவலில் இருந்தது. முந்தின நாள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். 69வது காலாட்படையின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூக்கத்திலேயே சுடப்பட்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதிகாரிகளில் 14 பேர். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் அதில் ஒருவர். மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஃபேன்கோர்ட்டும் கில்லெஸ்பியும் நண்பர்கள். அந்த ராத்திரி கில்லெஸ்பி கோட்டைக்குள் அவர் வீட்டில் தங்கியிருக்க வேண்டியவர், ஏதோ கடிதங்கள் வந்து போக முடியாமல் போயிற்று என்பார்கள்.

கோட்டைக்கு வெளியே குடியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பினார். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் இடையே 25 கிலோமீட்டர் வாக்கில். ஏறக்குறைய பேரிகைக்கும் ஓசூருக்கும் உள்ள தொலைவு. காலையில் செய்தி வந்ததும் கில்லெஸ்பி முழுப்படையும் தயாராகும்வரை காத்திருக்கவில்லை. கையில் அகப்பட்ட ஒரு பிரிவு டிராகூன்களையும் சென்னைக் குதிரைப்படையின் துருப்பு ஒன்றையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதிப் படையும் குதிரை இழுக்கும் பீரங்கிகளும் பின்னால் வரட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே குதிரையின் பயன் முழுசாகத் தெரிவது இந்த 25 கிலோமீட்டரில்தான். காலாட்படை வந்திருந்தால் வெயில் ஏறி மதியமாகியிருக்கும். கோட்டைக்குள் சிப்பாய்கள் வெளிக்கதவுகளை அடைக்காமல் விட்டதும், கொள்ளையில் கவனம் சிதறியதும், வெளியில் இருந்து உதவி இவ்வளவு சீக்கிரம் வராது என்ற கணக்கும் சேர்ந்துதான் தோல்வி. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது குதிரைக்கால்.

வந்து சேர்ந்த பிறகு? குதிரையால் ஒன்றும் ஆகவில்லை. உள்கதவு சாத்தியிருந்தது. மதிலுக்கு மேல் 69வது படையில் மிஞ்சியவர்கள் தோட்டா தீர்ந்து ஒண்டியிருந்தார்கள். அவர்களில் பிராடி என்ற சார்ஜென்ட் கில்லெஸ்பியோடு மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தவர். தூரத்தில் முன்னால் வரும் ஆளைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். இடுப்புப்பட்டைகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கிக் கீழே விட்டார்கள். நாற்பது வயதுக் கில்லெஸ்பி அதைப் பிடித்து மதிலேறி, தோட்டா இல்லாதவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியோடு மதில்மேல் நடத்திப் பாய்ந்தார். பீரங்கிகள் வந்ததும் பொறியாளர் பிளாகிஸ்டன் உள்கதவைப் பிளந்தார். அதன்பிறகுதான் டிராகூன்கள் குதிரையோடு உள்ளே பாய்ந்து வெட்டினார்கள். செத்த சிப்பாய்கள் 350 பேர் என்பது குறைந்த கணக்கு. அதற்கும் மேல் என்று சொல்பவர்கள் உண்டு. அரண்மனைக்குள் ஒளிந்த நூறு பேர் வாக்கில் வெளியே இழுத்து வரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். உத்தரவு போட்ட படைத்தலைவர் கிரடாக்கும், கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கில்லெஸ்பி வீரரானார்.

இந்தக் கதைக்கும் சர்ச்சில் கதைக்கும் நடுவில் மத்திகிரி நிற்கிறது. வேலூருக்குப் பதினெட்டு வருஷம் கழித்து, 1824-இல், ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் கும்பினி ராணுவம் குதிரைகளுக்கென்று ஒரு பண்ணை தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் வாக்கில் உயரம், மிதமான வெயில், புல்வெளி, பெங்களூர்த் தண்டுக்குக் கூப்பிடு தூரம். மைசூர்ப் பக்கம் குணிகல்லில் திப்பு காலத்திலிருந்தே குதிரை வளர்த்தார்கள், இந்தச் சீதோஷ்ணம் குதிரைக்கு ஒத்துவரும் என்பது புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பின்னாளில் ராணுவக் குதிரையின் காலம் முடிந்து மாட்டுப் பண்ணையானது. இன்று தமிழக அரசின் கால்நடைப் பண்ணை, 1,600 ஏக்கருக்கு மேல். கத்தியவார் குதிரைகள் இப்போதும் அங்கே உண்டு.

குதிரை தின்றது என்ன? கொள்ளு. பேரிகைப் பக்கம் ராகி அறுத்த காட்டில் மழை குறைந்தாலும் முளைத்து நிற்கும் அதே கொள்ளு. வேகவைத்து, தண்ணீர் வடித்து, ஆறவைத்துக் கொடுப்பது சென்னை மாகாண வழக்கம். பச்சையாகக் கொடுத்தால் வயிறு உப்பிவிடும். ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், புல்லறுத்துச் சுமந்து வர இன்னொருவர். நூறு குதிரை பாய்ந்தது என்று எந்தப் புத்தகத்திலாவது படித்தால், பின்னால் இருநூறு பேர் அரிவாளும் அடுப்புமாக இருந்தார்கள் என்று சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

சர்ச்சில் பெங்களூருக்கு வந்தது இப்படி நன்றாக ஊறிய ஓர் ஏற்பாட்டுக்குள். தண்டே கில்லெஸ்பி காலத்தில் முளைத்ததுதான். 1811-இல் ஜாவாவுக்குக் கப்பல் ஏறுமுன் கில்லெஸ்பி பெங்களூரில் படைத்தலைமை பார்த்தார். குதிரைப் பந்தயத் திடலில் வந்துவிட்ட புலியை ஈட்டியால் குத்திக் கொன்றார் என்று அப்போதைய கதை ஒன்று இருக்கிறது. சர்ச்சில் காலத்துக்குள் அங்கே கிளப், பங்களா, ரோஜாத் தோட்டம், போலோ மைதானம் எல்லாம் வந்துவிட்டன. இரண்டு தோழர்களோடு ஒரு பங்களாவில் குடியிருந்தார். சம்பளம் நாளுக்கு 14 ஷில்லிங் வாக்கில். இரண்டு குதிரை வைத்துக்கொள்ள மாதம் மூன்று பவுன். வீட்டிலிருந்து வருஷத்துக்கு 500 பவுன். அதுவும் போதவில்லை. கடன் கொடுக்க உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் தயாராக இருந்தார்கள், மாதம் இரண்டு வட்டி. அந்த வட்டிக்கு வாங்கிய குதிரைகளும் போலோ ஆடியிருக்கும்.

காலை ஆறு மணிக்கு அணிவகுப்பு, ஒன்றரை மணி நேரம். குளியல், சாப்பாடு, லாயத்தில் சிறிது நேரம். பத்தரைக்கெல்லாம் வேலை முடிந்தது. வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குப் போலோ. நடுவில் இருக்கும் ஆறேழு மணி நேரத்தில்தான் சர்ச்சில் உருவானார் என்று நினைக்கிறேன். அம்மா அனுப்பிய புத்தகங்களைக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தார்: கிப்பனின் ரோமாபுரி வரலாறு, மெக்காலே, பிளேட்டோ, மால்தஸ், டார்வின். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத இளநிலை அதிகாரி ஒருவர் தினம் நாலைந்து மணி நேரம் இப்படிப் படித்தார் என்பது குதிரைப்படை அவருக்குக் கொடுத்த பெரிய தானம். வேலை குறைவாக இருந்ததுதான் காரணம். கில்லெஸ்பிக்கு இப்படி ஓய்வு கிடைத்திருந்தால் சீட்டாடியிருப்பார் என்று தோன்றுகிறது.

ரோஜா பற்றி ஒரு வார்த்தை. சர்ச்சிலின் பங்களாத் தோட்டத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகை ரோஜாக்கள் இருந்தன. வண்ணத்துப்பூச்சி வேறு சேகரித்தார், எலி வந்து தின்றுவிட்டது. இன்று பாகலூர், பேரிகை, தளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பசுமைக்குடிலில் ரோஜா. பிப்ரவரிக்கென்று தாஜ்மஹால் ரகத்துக்கு மொட்டு கட்டி, குளிர்பதன வண்டியில் விமான நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்கு வளர்த்த மண்ணில் நம்மவர்கள் டாலர் பார்க்கிறார்கள்.

போலோவுக்கு வருவோம். 4வது ஹுஸ்ஸார்ஸ் பூனா லைட் ஹார்ஸ் படையிடமிருந்து 25 குதிரைகளை ஒட்டுமொத்தமாக வாங்கியது. இந்தியாவுக்கு வந்து ஐம்பது நாளுக்குள் ஹைதராபாத்தில் கோல்கொண்டா கோப்பையை வென்றார்கள். 1899 பிப்ரவரியில் மீரட்டில் படைப்பிரிவுகளுக்கிடையேயான போட்டி. சர்ச்சில் பிசகிய தோளை வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஆடினார், அணிக்கு நாலு கோல், அதில் மூன்று அவருடையது. கில்லெஸ்பியின் கல்லறையும் இதே மீரட்டில்தான்.

ஆனால் போலோ அவருக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. கவர்னர்கள், தளபதிகள் சாப்பாட்டு மேசைக்குப் போகும் வழி. 1897-இல் வடமேற்கு எல்லையில் கலவரம் என்றதும் தளபதி பிண்டன் பிளட்டுக்குத் தந்தி அடித்து, பத்திரிகையாளனாக வா என்ற பதில் வாங்கிக்கொண்டு கிளம்பினார். பெங்களூர் ரயில் நிலையத்தில் நௌஷேரா எவ்வளவு தூரம் என்று கேட்டார்: 2,028 மைல். ஐந்து நாள் ரயில் பயணம். கில்லெஸ்பியை வேலூருக்குக் கொண்டுபோனது குதிரை, இவரைப் போருக்குக் கொண்டுபோனது ரயில். குதிரை போர்க்களத்துக்குள் போன பிறகுதான் வேலைக்கு வந்தது. என்ன வேலை? மாமுண்டுப் பள்ளத்தாக்கில் எல்லோரும் மறைவில் படுத்துச் சுட்டுக்கொண்டிருக்கும்போது, தன் சாம்பல் நிறக் குதிரையில் வரிசை நெடுகிலும் சவாரி போனார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லிவிட்டார்: முட்டாள்தனமாக இருக்கலாம், ஆனால் பார்க்க ஆள் இருந்தால் எந்தத் துணிச்சலும் அதிகமில்லை, பார்வையாளர் இல்லையென்றால் விஷயம் வேறு என்று.

எனக்குச் சர்ச்சிலைப் பற்றிப் படித்ததிலேயே நேர்மையான இடம் இதுதான். உயரத்தில் தெரியவேண்டும் என்பதற்காகவே குதிரை. டெய்லி டெலிகிராப் பத்திரிகை ஒரு பத்திக்கு ஐந்து பவுன் கொடுத்தது. பெங்களூருக்குத் திரும்பி ஓரிரு மாதத்தில் மலக்கந்துப் போர் எனப்பட்ட அந்த எல்லைச் சண்டையைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார், 1898 மார்ச்சில் வெளிவந்தது. கில்லெஸ்பி எழுதவில்லை. அவருக்காக மற்றவர்கள் எழுதினார்கள்: செத்து இரண்டு வருஷத்தில், 1816-இல், கூட இருந்த ஓர் அதிகாரி எழுதிய நினைவு நூல், பிறகு கவிஞர்கள்.

சூடான் கதையும் இதேபோல. கிட்சனர் தளபதி, சர்ச்சிலை வேண்டாம் என்றார். பிரதமர் சாலிஸ்பரி வரை போய்ச் சிபாரிசு பிடித்து, சொந்தச் செலவில் 21வது லான்சர்ஸ் படையில் ஒட்டிக்கொண்டார். 1898 செப்டம்பர் 2, ஓம்துர்மான். முந்நூற்றுச் சொச்சம் பேர் குதிரையில் பாய்ந்தார்கள். எதிரே சில நூறு பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தால், வறண்ட ஓடைப் பள்ளத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஒளிந்திருந்தார்கள். இரண்டு நிமிஷத்தில் எழுபது பேர் வாக்கில் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள், குதிரைகள் 119. தோள் பிசகியதால் சர்ச்சில் வாளை விட்டு மௌசர் கைத்துப்பாக்கியைப் பிடித்திருந்தார். அதனால்தான் பிழைத்தேன் என்று பின்னால் எழுதினார். பாய்ச்சலில் பள்ளம் காலியாகவில்லை. மறுபக்கம் போனதும் லான்சர்கள் குதிரையை விட்டிறங்கி, துப்பாக்கியால் சுட்டு, அதன் பிறகுதான் எதிரி விலகினான். அன்றைய போரை முடித்ததோ மாக்சிம் துப்பாக்கியும் பீரங்கிப் படகுகளும். எதிரே நின்ற, சூடானின் சமயத் தலைவர் மஹ்தியின் ஆதரவாளர்களில் பத்தாயிரம் பேர் வாக்கில் செத்தார்கள்.

இரண்டு பேரின் பெரிய நாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இருவரும் முக்கியமான இடத்தில் குதிரையை விட்டு இறங்கியவர்கள். கில்லெஸ்பி மதிலடியில் இறங்கினார், சர்ச்சில் மேசையடியில். வேலூரில் குதிரை இல்லையென்றால் கதை வேறு. ஓம்துர்மானில் குதிரை இல்லையென்றாலும் முடிவு அதே, புத்தகம்தான் இன்னொரு மாதிரி இருந்திருக்கும்.

மனசாட்சி என்ற இடத்தில் ஒப்பீடு கொஞ்சம் சிக்கலாகிறது. சுவரோரம் நிறுத்தி நூறு பேரைச் சுட்டதைப் பற்றிக் கில்லெஸ்பி வருந்தியதாக நான் படித்ததில்லை. ஆனால் கதவைப் பிளந்த பிளாகிஸ்டன் எழுதியிருக்கிறார். அந்தக் காட்சியை அன்று கலங்காமல் பார்க்க முடிந்ததாகவும், அது தக்க தண்டனை என்றே தோன்றியதாகவும், பல வருஷம் கழித்து அந்தச் செயலை ஒப்புக்கொள்வதோ அன்றைய தன் மனநிலையை விளக்குவதோ கடினமாக இருப்பதாகவும் சொல்கிறார். சர்ச்சிலும் 1899-இல் வந்த சூடான் நூலின் முதல் பதிப்பில், காயப்பட்ட எதிரிகளைக் கொன்றதையும் மஹ்தியின் சமாதியை இடித்ததையும் வைத்துக் கிட்சனரைக் கண்டித்தார். பிறகு சுருக்கிய பதிப்பில் அந்தக் காட்டம் போய்விட்டது. மலக்கந்தில் கிராமங்களைக் கொளுத்தி, கிணறுகளைத் தூர்த்து, மரங்களை வெட்டியதை அவர் சொல்லும் விதத்தில் எனக்குப் பெரிய தயக்கம் தெரியவில்லை. சர்ச்சில் கில்லெஸ்பியைவிட இளகிய மனதுக்காரர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வேலூரில் வாளை வைத்திருந்த கை வேறு, பேனாவை வைத்திருந்த கை வேறு. சர்ச்சிலிடம் இரண்டும் ஒரே கையில் இருந்தன, அதனால் எதை எழுதலாம், எதை விடலாம் என்ற முடிவும் அவருடையதாகவே இருந்தது.

கில்லெஸ்பியின் பிற்கதை நீளம், வேகமாகச் சொல்கிறேன். 1811-இல் ஜாவாவில் மீஸ்டர் கொர்னேலிஸ் கோட்டையைக் காய்ச்சலோடு போய்ப் பிடித்தார். 1812 ஜூனில் யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனையைத் தாக்கிச் சூறையாடியதிலும் அவர் தலைமை. ஜாவாவை ஆண்ட ராஃபிள்ஸோடு சண்டை, குற்றச்சாட்டு. 1814-இல் நேபாளத்தோடு கூர்க்காப் போர். டேராடூனை ஒட்டிய கலங்கா மலையில் சின்னக் கோட்டை. உள்ளே கூர்க்காத் தளபதி பலபத்ர குன்வர், அறுநூறு பேர் வாக்கில். அக்டோபர் 31. நாலாபுறமும் ஒரே நேரத்தில் தாக்குவது திட்டம், சமிக்ஞை பல பிரிவுகளுக்குப் போய்ச் சேரவில்லை. கில்லெஸ்பிக்குப் பொறுமை இல்லை. தன் பழைய படையான 8வது லைட் டிராகூன்ஸ் வீரர்களைக் குதிரையிலிருந்து இறக்கிக் கால்நடையாக அழைத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார். நெஞ்சில் குண்டு. வேலூரில் அவரை வீரராக்கிய அதே அவசரம் கலங்காவில் ஆளைக் கொன்றது. வேலூரில் காத்திருக்காதது சரி. கலங்காவில் காத்திருந்தால் போதும். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை என்பதே என் கணிப்பு. ஒரு மாதம் கழித்து, தண்ணீரை அடைத்த பிறகே கோட்டை விழுந்தது. எஞ்சிய எழுபது பேரோடு பலபத்ரர் வெளியேறினார். பிரிட்டிஷார் அங்கே இரண்டு தூண்கள் எழுப்பினார்கள், ஒன்று கில்லெஸ்பிக்கு, ஒன்று எதிராளி பலபத்ரருக்கு.

வேலூர்ச் சிப்பாய்களுக்கு அப்படி ஒரு தூண் எழுப்ப அவர்களுக்குத் தோன்றவில்லை. வெளியிலிருந்து வந்த எதிரியைப் பாராட்டலாம், சம்பளம் வாங்கியவன் எதிர்த்தால் அது துரோகம். நம் பக்கத்தில் நினைவுச்சின்னம், 2006-இல் தபால்தலை என்று எல்லாம் நாமே செய்துகொண்டதுதான். கில்லெஸ்பிக்கு அவர் பிறந்த கோம்பரில் 1845-இல் உயரமான தூணும் சிலையும் வைத்தார்கள். சர்ச்சிலுக்குப் பெங்களூரில் மிஞ்சியது கிளப் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி: 1899-இல் வராக்கடன் பட்டியலில் லெப்டினன்ட் சர்ச்சில், 13 ரூபாய். கிளப்பில் இப்போதும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கதைகளிலும் நம் ஆட்கள் எங்கே என்று தேடினால், சர்ச்சிலின் பெங்களூரில் பட்லர், டிரெஸ்ஸிங் பாய், குதிரைக்காரர் என்று வேலைப்பெயராகவே வருகிறார்கள். தண்டில் தமிழ் பேசியவர்கள்தான் அதிகம் என்பதால் அவர்களில் பலர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களாகவும் இருந்திருக்கலாம். கில்லெஸ்பி கதையில் இன்னும் சங்கடமான ஓர் இடம் இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து அவரோடு புறப்பட்டது வெள்ளை டிராகூன்கள் மட்டும் இல்லை. சென்னைக் குதிரைப்படையின் நம் நாட்டுச் சவார்களும் அந்த 25 கிலோமீட்டரை ஓட்டி, உள்ளே இருந்தவர்களை வெட்டினார்கள். ஏன் போனார்கள்? சம்பளமா, பழக்கமா, குதிரைப்படைக்காரனுக்குக் காலாட்படைக்காரன்மேல் இருந்த இளப்பமா? கில்லெஸ்பியின் வீரத்தைப் பாடியவர்களும் வேலூர்ப் புரட்சியைக் கொண்டாடுபவர்களும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. முன்னவர்களுக்கு அது அவசியமில்லை, பின்னவர்களுக்கு அது தர்மசங்கடம். ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையிலிருந்து வந்த சென்னைக் குதிரைப்படைப் பிரிவு ஒன்று, இன்று 16வது லைட் காவல்ரி என்ற பெயரில் இந்திய ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறது. தன் வரலாற்றை அது 1776 வரை பின்னோக்கி எண்ணுகிறது.